ஒன்ஸ்மோர் கிடையாது

நாடகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதித் தாருங்கள் என்று கேட்டீர்கள். எழுதுகிறேன். ஆனால் குரலை எப்படி ஏற்றுவது, கையை எங்கே வைத்துக்கொள்வது என்றெல்லாம் என்னிடம் எதிர்பார்க்காதீர்கள். அதைச் சொல்லித்தர இப்போது ஊருக்கு ஊர் ஆள் இருக்கிறார்கள். மேடையில் திடீரென்று ஏதோ ஒன்று கோணலாகிப் போகும். எல்லாரும் உங்கள் முகத்தையே பார்ப்பார்கள். யோசனை கேட்கப் பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். அந்த நேரத்தைப் பற்றித்தான் எனக்குக் கொஞ்சம் தெரியும். அதையும் ஓர் ஐரிஷ்கார அம்மாளோடு மல்லுக்கட்டித்தான் தெரிந்துகொண்டேன். அவர் சொன்னதில் பாதி தப்பு. மீதிப் பாதிக்காக இன்றைக்கும் அவரைக் கும்பிடுகிறேன்.

பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் பெரிய ரயில்வே என்ஜினீயராக இருந்தவரின் மனைவி அவர். அயர்லாந்தின் மேற்குக் கரையில், மழை ஓயாத ஒரு கிராமத்தில், மாடு வளர்க்கும் வீட்டில் பிறந்தவர். கல்யாணமாகிக் கப்பலேறி இங்கே வந்தார். ஒரே மகன். படிக்க ஊருக்கு அனுப்பிய பிள்ளை, யுத்தத்தில் விமானம் ஓட்டப் போய்க் கடலுக்கு மேலே காணாமல் போனான். உடல்கூடக் கிடைக்கவில்லை. கொஞ்ச காலத்தில் கணவரும் போய்ச் சேர்ந்தார். நாடு சுதந்திரம் அடைந்ததும் மற்ற வெள்ளைக்காரக் குடும்பங்கள் மேஜை நாற்காலிகளை விற்றுவிட்டுக் கிளம்பின. இவர் மட்டும் கண்டோன்மென்ட்டில் ஒரு வாடகை வீட்டைப் பிடித்துக்கொண்டு தங்கிவிட்டார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

"அங்க போனா நான் வெறும் விதவைங்க. ரோஜாச் செடிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு உக்காந்திருக்கணும். இங்க எனக்கு வேலை இருக்கு."

வேலை என்று அவர் சொன்னது நாடகத்தை. ஐம்பது வயதுக்கு மேல்தான் எழுத உட்கார்ந்தார். இங்கிலீஷில் சின்னச் சின்ன நாடகங்கள் எழுதுவார். எழுதியதோடு நிற்கவில்லை. ஒத்திகைக்குத் தன் வீட்டு வராந்தாவைத் தந்தார், ஜன்னல் திரைகளைக் கழற்றி மேடைக்குப் படுதா தைத்தார், தன் பியானோவை விற்று மேடைக்கு விளக்குகள் வாங்கினார். பியானோ போன இடத்தில் ஒரு பாயை விரித்து, "இங்க உக்காந்து வசனம் பாடம் பண்ணுங்க" என்றார். யாராக இருந்தாலும் அவருக்கு 'ங்க' தான். தன் நாயையே, "இங்க வாங்க, குரைக்காதீங்க" என்பார். தமிழை அவர் ஒர்க்‌ஷாப் ஆட்களிடமும் மார்க்கெட்டிலும் கற்றிருந்தார்.

நான் அப்போது ரயில்வே டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். பாலக்கரையில் வீடு, கோயில் மணி கேட்டால் எழுந்து கோயில் மணி கேட்டால் படுக்கும் குடும்பம். ஒருநாள் போனில் நம்பர் கேட்ட அம்மாள், நான் லைன் கொடுக்கப் போகும்போது, "இருங்க, நம்பர் வேணாம். இந்தக் குரலை வச்சுக்கிட்டு நீங்க அங்க என்னங்க பண்றீங்க?" என்றார். அப்படித்தான் நான் நாடகத்துக்கு வந்தேன். பொன்மலையில் எங்கள் நாடக மன்றத்தில் அதுவரை பெண் வேஷத்தை ஆண்களேதான் கட்டினார்கள். குடும்பத்துப் பெண் மேடையேறுவதாவது என்று எங்கள் தெருவே பேசியது. அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. ஐரிஷ்கார அம்மாள் வீட்டுக்கே வந்து, எங்கள் அம்மா கையால் காப்பி வாங்கிக் குடித்து, "உங்க பொண்ணு என் பொறுப்புங்க" என்று சொல்லிவிட்டுப் போன பிறகுதான் வீட்டில் சோறு இறங்கியது.

எங்கள் குழுவில் இன்னும் இரண்டு பேரை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒருவர் ஸ்ரீரங்கத்து சார். ரயில்வே அக்கவுண்ட்ஸில் குமாஸ்தா, உத்தர வீதியில் வீடு. அம்மாளின் நாடகங்களைத் தமிழில் எழுதுவதும், பாட்டுக் கட்டுவதும், ஹார்மோனியம் வாசிப்பதும் அவர்தான். ஒத்திகையில் அம்மாள் டீயில் ஊறிய திராட்சை போட்டு ரொட்டி சுட்டு எல்லாருக்கும் அறுத்துத் தருவார். சார் தொடமாட்டார். அவருக்கென்று ஒரு வாழையிலைத் துண்டில் ரஸ்தாளிப் பழம் தனியாக இருக்கும். காப்பி அவர் வீட்டுக் கூஜாவில் வந்துவிடும். இன்னொருவர் ஆரோக்கியம் அண்ணன். ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர், மேடையில் ராஜா. நெஞ்சை நிமிர்த்தி அவர் செத்துப்போனால் பொன்மலையே எழுந்து நிற்கும்.

சண்டை ஆரம்பித்ததே அந்தச் சாவில்தான். அம்மாள் முதன்முதலாக எங்கள் மன்றத்து நாடகம் பார்க்க வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஆரோக்கியம் அண்ணன் விஷம் குடித்து, நீளமாக ஒரு பாட்டுப் பாடி, மேடையில் சாய்ந்தார். "ஒன்ஸ்மோர்!" என்று கூட்டம் கத்தியது. அந்தக் காலத்தில் நாடகம் ஜெயித்ததா தோற்றதா என்பதற்கு அதுதான் அளவுகோல். செத்தவர் எழுந்தார், ஜிகினா அங்கியில் ஒட்டிய தூசியைத் தட்டினார், பாட்டை முதலிலிருந்து பாடினார், திரும்பவும் செத்தார். மறுபடியும் கூச்சல். மறுபடியும் எழுந்தார். நாடகம் முடிந்ததும் அம்மாள் நேராக ஒப்பனை அறைக்குள் வந்தார்.

"நீங்க செத்துட்டீங்களா, இல்லையா? எனக்குத் தெரிஞ்சாகணுங்க."

"செத்துட்டேம்மா. ஜனங்க விட மாட்டேங்கறாங்களே!"

"என் நாடகத்துல செத்தவங்க எழுந்திருக்கக் கூடாதுங்க. ஒன்ஸ்மோர் கிடையாது."

சாருக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் கட்டிய பாட்டுக்கு ஒன்ஸ்மோர் கூடாதென்றால் கோபம் வராதா? "நன்னாயிருக்கே! எங்க கோவில்ல முதல் பாசுரத்தையும் கடைசிப் பாசுரத்தையும் ரெண்டு தரம்தான் சேவிக்கிறோம். பெருமாளுக்கே ஒன்ஸ்மோர் உண்டு. உங்க நாடகத்துக்குக் கிடையாதோ?" என்றார்.

"பெருமாள் கேட்டா பாடுங்க. பொன்மலை கேட்டா பாடாதீங்க."

சார் முணுமுணுத்துக்கொண்டே கூஜாவைத் திறந்தார்.

அம்மாளின் பிடிவாதம் எங்களைக் காப்பாற்றிய நாளும் உண்டு, சொல்லாமல் விட்டால் பாவம். ஒரு சாயங்காலம் நாடகம் நடந்துகொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விட்டது. கும்மிருட்டு. கூட்டத்தில் சீட்டி பறந்தது. அண்ணன் படுதாவை விடக் கயிற்றைப் பிடித்துவிட்டார். முன்வரிசையிலிருந்து அம்மாள் குரல் வந்தது. "படுதா வேணாம்! பேசுங்க. பேசிக்கிட்டே இருங்க!" என்ன பேசுகிறோம் என்று தெரியாமலே நான் என் வசனத்தைப் பேசினேன். எதிரில் நின்றவர் பதில் சொன்னார். சீட்டி அடங்கியது. நாங்கள் பேசுவதை நிறுத்தவில்லை என்று தெரிந்ததும் ஒர்க்‌ஷாப் ஆட்கள் தாங்களாகவே வெளியே போய், தங்கள் சைக்கிள்களை உள்ளே தூக்கிவந்து, மேடைக்கு எதிரே ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, டைனமோவைத் தட்டிவிட்டு மிதித்தார்கள். அந்த வெளிச்சத்தில் நாடகத்தை முடித்தோம். யாராவது வேகமாக மிதித்தால் என் முகம் பளிச்சென்று தெரியும், அவர் களைத்தால் மங்கிவிடும். நீங்கள் விடாமல் இருந்தால் ஜனங்களும் உங்களை விடமாட்டார்கள். அதை அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்த விஷயம். அறுபதுகளின் தொடக்கத்தில் அம்மாளுக்கு இதயம் பலவீனப்பட்டது. அயர்லாந்திலிருந்த தங்கை வரச்சொல்லி வற்புறுத்தினார். கிளம்புவதற்கு முன் ஒரே ஒரு நாடகம் போடவேண்டும் என்றார் அம்மாள். மண்ணச்சநல்லூர் ரைஸ் மில்லில் நெல் அவிக்கும் ஒரு தாய். அவள் மகன் பட்டாளத்தில் சேர்ந்து பர்மாவுக்குப் போனவன், திரும்பவில்லை. சர்க்கார் செத்துவிட்டான் என்கிறது. அவள் நம்பவில்லை. உடலைக் காட்டாமல் நான் எப்படி அழுவேன் என்கிறாள். ஊர் சொல்லி, உறவு சொல்லி, கடைசியில் அவள் வாய்விட்டு ஒப்பாரி வைப்பதோடு நாடகம் முடிகிறது. இது யாருடைய கதை என்று எங்களில் யாருக்கும் தெரியாமல் இல்லை. ஆனால் அவர் மகனைப் பற்றி அவர் பேசி நாங்கள் கேட்டதில்லை, அவர் அழுது பார்த்ததும் இல்லை. நாங்களாக விசாரித்ததும் இல்லை.

ஒப்பாரி கேட்க மருங்காபுரிப் பக்கம் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் அங்கே கடலைக் காடு வைத்திருந்தது. விஷயத்தைச் சொன்னதும் அந்த வீட்டு அக்கா காதைப் பொத்திக்கொண்டார். "நல்லாயிருக்கிற வீட்டுல ஒப்பாரியா? ஆகாதுங்கம்மா!" பிறகு எங்களைக் காட்டுக்குள் அழைத்துப் போய், ஒரு பனைமரத்தடியில் உட்கார வைத்து, இன்னும் இரண்டு பெண்களைக் கூப்பிட்டார். மூவரும் ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு பாடினார்கள். பாதிப் பாட்டில் களை எடுத்துவிட்டு வந்த இன்னொரு பெண்ணும் வட்டத்துக்குள் உட்கார்ந்து கையைப் போட்டாள். உடனே பாட்டு நின்று, முதலிலிருந்து ஆரம்பித்தது.

"ஏன் திரும்பவும் ஆரம்பிக்கிறீங்க?" என்றார் அம்மாள்.

"பின்ன? வந்தவ பாதியிலேருந்தா அழுவா? சாவு வீட்டுக்குப் புதுசா ஒருத்தி வந்தா மொதல்லேருந்துதான் அழணும். இது ஒத்தையில அழற அழுகை இல்லைங்கம்மா."

அம்மாள் தலையை ஆட்டினார். ஆனால் நாடகத்தில் அதைக் கேட்கவில்லை. மேடையில் தாய் தனியாகத்தான் அழவேண்டும், ஒரே தடவைதான், பாட்டு முடிந்ததும் படுதா விழவேண்டும் என்று அடித்துச் சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் பாதி தப்பு என்றேனே, அதில் இது முதலாவது. அன்றைக்கு எனக்கும் அது தப்பென்று தோன்றவில்லை.

நாடகத்துக்கு முன்னால் மன்றத்துச் செயலாளர் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான், ஆனால் பயந்த சுபாவம். "பாரும்மா. பொம்பளைங்க நடிக்கிறதுக்கே கமிட்டியில பாதிப் பேருக்கு இஷ்டமில்லை. நம்ம ஜனங்க பாட்டுன்னா ஒன்ஸ்மோர் கேப்பாங்க. அந்த அம்மா கூடாதுங்கறாங்க. ஏதாவது கலாட்டா ஆச்சுன்னா அதோட சரி. இந்த மேடையில இனிமே ஒரு பொண்ணு ஏற முடியாது. உன்னையும் சேர்த்துத்தான் சொல்றேன்." ஒரு பக்கம் அம்மாளின் விதி, இன்னொரு பக்கம் இந்த எச்சரிக்கை. நடுவில் நான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள், அதுதான் என் கதி.

சனிக்கிழமை சங்கு ஊதி ஷிப்டு விட்டதும் கூட்டம் நேராக மன்றத்துக்கே வந்தது. பெண்களுக்கு இடது பக்கம் தனி இடம். குவார்ட்டர்ஸ் முழுக்க வந்திருந்தது. முன்வரிசையில் அம்மாள், வெளிர்நீலக் கவுன், மடியில் கோத்த கை. நாடகம் நன்றாகப் போயிற்று. கடைசிக் காட்சியில் நான் தரையில் உட்கார்ந்தேன். சார் ஹார்மோனியத்தில் ஒரே ஒரு சுருதியைப் பிடித்தார்.

"ஊருக்கெல்லாம் நெல்லவிச்சேன், உலை வச்சுக் காத்திருந்தேன்,
உண்ண வர நீயில்லையே, என் மகனே, உலைத்தண்ணி வத்திருச்சே."

பாட்டு முடிந்தது. படுதாவுக்கு ஒரு நொடி இருக்கும்போது பின்னாலிருந்து ஒரு குரல், "ஒன்ஸ்மோர்!" அது போதும். மன்றமே அதிர்ந்தது. விசில், கைத்தட்டல், நாற்காலியைத் தட்டும் சத்தம். அண்ணன் கயிற்றைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். இந்த இரைச்சலில் படுதாவை விட்டால் கலாட்டா நிச்சயம். அதற்குள் சாரின் விரல்கள் பாட்டின் ஆரம்பத்தை வாசிக்கத் தொடங்கிவிட்டன. வேண்டுமென்று செய்யவில்லை, பாவம். இருபது வருஷப் பழக்கம், அந்த வார்த்தை காதில் விழுந்தால் அவர் கை தானாகவே முதலடிக்குப் போய்விடும். சுருதி கேட்டதும் கூட்டம் இன்னும் குஷியாகிவிட்டது.

பாடினால் அம்மாளின் நாடகம் போச்சு. பாடாவிட்டால் என் நாடகம் போச்சு. பாடத்தில் இல்லாத ஒன்றைச் செய்தேன். தாயாகவே எழுந்து மேடை முனைக்கு வந்து, கூட்டத்தைப் பார்த்து, தாயாகவே கேட்டேன்.

"ஒரு தடவை என் புள்ளையப் பறிகொடுத்தது போதாதாய்யா உங்களுக்கு?"

சத்தம் அப்படியே அடங்கிவிட்டது. பின்வரிசையில் ஒருவர் தலையிலிருந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அண்ணனுக்குக் கண்ணைக் காட்டப் போனேன்.

அந்த அமைதியில்தான் முன்வரிசையிலிருந்து அது வந்தது. சத்தமாக இல்லை. பக்கத்து நாற்காலிக்காரரிடம் பேசுவது போல.

"ஒன்ஸ்மோர்."

அம்மாள்தான். கை இன்னும் மடியில் கோத்தபடியே இருந்தது. முகம் மட்டும் நான் அதுவரை பார்த்திராத முகம். "இன்னொரு தடவை பாடும்மா," என்றார். 'ங்க' போடாமல் அவர் யாரிடமும் பேசி நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

பிள்ளைகளே, அந்த நிமிஷத்தில் எனக்கு அம்மாளின் விதியும் நினைவில்லை, செயலாளரும் நினைவில்லை. பனைமரத்தடிதான் நினைவுக்கு வந்தது. சாவு வீட்டுக்கு இப்போதுதான் ஒருத்தி வந்திருக்கிறாள். இத்தனை வருஷம் வாசலிலேயே நின்றிருக்கிறாள். பாதியிலிருந்தா அழுவாள்?

மேடைப் படியில் இறங்கினேன். அவர் நாற்காலியருகே தரையில் மண்டியிட்டு, இரண்டு கையாலும் அவரைக் கட்டிக்கொண்டு, முதலிலிருந்து ஆரம்பித்தேன். இரண்டாவது அடியில் அவர் உடம்பு குலுங்கியது. வார்த்தையே இல்லாமல், அவர் ஊர் மழை போல அழுதார். இடது பக்கத்திலிருந்து ஒரு பெண் எழுந்து வந்து உட்கார்ந்து எங்கள் தோளில் கை போட்டாள். நான் பாட்டை நிறுத்தி முதலிலிருந்து ஆரம்பித்தேன். இன்னொருத்தி வந்தாள். மூன்றாவதாக வந்தவர் செயலாளரின் மனைவி. சார் ஹார்மோனியத்தை மூடிவிட்டுக் கைகூப்பி நின்றார். ஆரோக்கியம் அண்ணன் கடைசிவரை படுதாவை விடவில்லை. அன்றைக்கு அந்த நாடகத்துக்குப் படுதாவே விழவில்லை.

கூட்டம் கைதட்டாமல் கலைந்தது. செயலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, "கமிட்டிக்கு நான் என்னன்னு சொல்றது? கலாட்டான்னா, என்னன்னு?" என்று எங்களையே கேட்டார். அவர் மனைவி, "நடிச்சது நல்லாயிருந்துச்சுன்னு சொல்லுங்க, வாங்க போகலாம்," என்று இழுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அந்த மேடையில் பெண்கள் ஏறுவதைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை.

அம்மாள் முகம் வீங்கி, மூக்கு சிவந்து, ஒப்பனை அறைக்கு வந்தார். எங்கள் மூவரையும் வரிசையாகப் பார்த்தார். "நாளைக்கு ரெண்டாவது ஆட்டம். ஒன்ஸ்மோர் கிடையாதுங்க. சொல்லிட்டேன்," என்றார். சார் முதல் தடவையாக அம்மாள் கொண்டுவந்திருந்த தட்டிலிருந்து ஒரு துண்டு ரொட்டியை எடுத்து, தின்னாமல், மேல்துண்டின் முனையில் முடிந்துகொண்டார். மறுநாள் யாரும் கத்தவில்லை. ஒரு தடவை பாடினேன், படுதா விழுந்தது.

விதியை மதியுங்கள், நேரம் வந்தால் உடையுங்கள் என்று நான் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. அதை யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர் யார், எதற்காக வந்திருக்கிறார் என்று பாருங்கள். கூட்டம் கேட்டதும் ஒன்ஸ்மோர்தான், அவர் கேட்டதும் ஒன்ஸ்மோர்தான். இரண்டும் ஒன்றில்லை என்று அந்த நேரத்தில் தெரியவேண்டும். அவ்வளவுதான் நம் தொழில்.

அம்மாள் ஊருக்குப் போய்ச் சில வருஷங்கள் இருந்தார். ஒரு காலை நான் டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது வாசலில் சார் நின்றிருந்தார். எத்தனையோ தடவை ஸ்கிரிப்ட் கொடுக்க வந்திருக்கிறார், எங்கள் வீட்டு வாசற்படியை மட்டும் தாண்டியதில்லை. அன்றைக்குத் தாண்டி உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார். "தந்தி வந்தது. அம்மா பரமபதிச்சுட்டா," என்றார். எங்கள் அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார். நான் பாடினேன். பாடி முடிக்கப்போகும் நேரத்தில் வாசலில் சைக்கிள் நிற்கும் சத்தம் கேட்டது. ஆரோக்கியம் அண்ணன், ஒர்க்‌ஷாப்பிலிருந்து எண்ணெய்க் கையோடு வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.